3.4 கிலோ பாதரசம், 2.5 லிட்டர் கணக்கு

"பதிவேட்டின்படி இருக்க வேண்டியது 2.5 லிட்டர். அலமாரியில் இருப்பது 250 மில்லிலிட்டர். குறைவு 2.25 லிட்டர்."

மார்ச் கடைசியில், வருடாந்திரச் சரக்குச் சரிபார்ப்பு நடந்த வாரம், எங்கள் பள்ளி அலுவலகத்தில் அச்சான ஒரு தாளில் இந்த மூன்று வரிகள் இருந்தன. பொருள் என்ற இடத்தில் பாதரசம். பொறுப்பாளர் என்ற இடத்தில் எங்கள் ஆய்வக அட்டெண்டரின் பெயர். பத்தொன்பது வருஷமாக அந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. மே 31-ல் அவருக்கு ஓய்வு. பொறுப்பில் பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று கையில் வந்தால்தான் பென்ஷன் காகிதம் நகரும். அப்படிப்பட்ட நேரத்தில் இந்தத் தாள்.

நான் அந்தப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். கணக்கை ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லி பிரின்சிபல் டீச்சர் தாளை என்னிடம் தந்தார். பார்த்தது, கண்டுபிடித்தது எல்லாவற்றையும் இங்கே முழுசாக எழுதுகிறேன். அடர்த்தியை, அதாவது இவ்வளவு கொள்ளளவுக்கு இவ்வளவு எடை என்ற கணக்கை, ஒரு அலகிலிருந்து இன்னொரு அலகுக்கு மாற்றுவது ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த இரண்டு மதிப்பெண் விஷயம் ஒரு மனிதரை இரண்டு வாரம் தலை குனிந்து நடக்க வைத்தது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பள்ளி இருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில். ஆந்திரத்துச் சித்தூர் என்று எண்ணிவிட வேண்டாம். பஸ் போர்டு மலையாளத்தில், கடையில் பேரம் தமிழில். துணி எடுக்க, ஆஸ்பத்திரி போக பொள்ளாச்சி. தென்னந்தோப்பு, தக்காளிக் காடு, வீட்டுக்கு இரண்டு மாடு, காலையும் மாலையும் பால் சொசைட்டி. ஆய்வகப் பதிவேட்டிலும் இந்த எல்லை தெரியும். பழைய வாத்தியார்கள் சிலர் ஆங்கிலத்தில், சிலர் மலையாளத்தில், நடுவில் பத்து வருஷம் ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழுதியவர் பாதரசத்தை "ரசம்" என்றே குறித்திருக்கிறார். மலையாளத்திலும் அது ரசம்தான் என்பதால் யாருக்கும் சிக்கல் வரவில்லை. சிக்கல் வந்தது அதன் பக்கத்தில் இருந்த எழுத்தால். "ரசம் – 1 கி" என்று ஒரு வரி. தமிழில் கிராமுக்கும் கிலோவுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். மலையாளத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, குழப்பம் வராது. ஒரு கிராம் பாதரசத்தை எந்தப் பள்ளியும் வாங்காது, அதனால் அது கிலோ என்று அலுவலகமே ஊகித்துவிட்டது. பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன், ஊகம் சரிதான்.

பதிவேட்டின் எடைக் கணக்கு இப்படிப் போகிறது: 1989-ல் 1 கிலோ, 1994-ல் 500 கிராம் புட்டி இரண்டு, 2001-ல் 1 கிலோ, 2006-ல் 500 கிராம். ஆக வந்தது 3.5 கிலோ. 2008-ல் காற்றழுத்தம் பார்க்கச் சுவரில் இருக்கும் பாரமானிக்கு நிரப்ப 100 கிராம் எடுத்திருக்கிறார்கள். மீதி 3.4 கிலோ. அதற்குப் பிறகு கூட்டல் கழித்தல் எதுவும் எண்ணில் இல்லை.

இந்த வருஷம் பாதரசத்தை ஏன் அளந்தோம் என்றால், அதைப் பள்ளியை விட்டு அனுப்பிவிட முடிவாகியிருந்தது. பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் ஜப்பானில் மினமாட்டா ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை உறுதிசெய்தது. பிள்ளைகள் புழங்கும் அறையில் அந்தப் புட்டிகள் இருக்கத் தேவையில்லை என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முறைப்படி ஒப்படைக்க ஒரு படிவம். அதில் இரண்டு கட்டம்: முதலில் கொள்ளளவு லிட்டரில், அடுத்து எடை கிலோவில். பதிவேட்டில் இருப்பது எடை. படிவம் முதலில் கேட்பது கொள்ளளவு. நடுவில் ஒரு அடர்த்தி வேண்டும். விவகாரம் பிறந்தது அந்த நடுவில்தான்.

பேச்சும் கிளம்பிவிட்டது. அட்டெண்டரின் மகன் கோயம்புத்தூரில் தங்கப் பட்டறையில் வேலை. பட்டறைத் தூளிலிருந்து பொன்னைப் பிரிக்க அந்தக் காலத்தில் பாதரசம் பயன்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பாதரசத்தைக் கெட்டியாக்கி ரசமணி கட்டித் தருகிறேன் என்று சுற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் எப்போதும் உண்டு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம். இத்தனையும் சேர்ந்தால் ஒரு கதைக்குப் போதும். யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஸ்டாப் ரூமில் அவர் டீ கொண்டுவந்து வைக்கும்போது பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

அவர் என்னிடம் வந்து நின்றபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சார், ரெண்டரை லிட்டர் ரசம் எப்பவாச்சும் இந்த ரூம்ல இருந்துச்சா? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் பாதி விடை இருந்தது. நான் அலமாரியைத் திறக்கச் சொன்னேன்.

இரண்டு புட்டிகள். தடித்த பிளாஸ்டிக், ஒவ்வொன்றிலும் "125 மி.லி." என்று அச்சு. இரண்டும் தோள்வரை நிறைந்திருந்தன. பழைய புட்டிகள் நைந்துபோனதால் எல்லாவற்றையும் இந்த இரண்டில் ஊற்றி வைத்தது தான்தான் என்று அவர் சொன்னார். அதே மாதிரிக் காலிப் புட்டி ஒன்றும் பக்கத்தில் இருந்தது. நான் ஒரு புட்டியைத் தூக்கினேன். இருமல் மருந்து பாட்டில் அளவுதான் இருக்கும், கண் அதற்குத் தகுந்த பலத்தைத்தான் கைக்குச் சொல்கிறது. ஆனால் தட்டை விட்டு எழும்பியதும் மணிக்கட்டு இறங்குகிறது. மட்டையோடு இருக்கும் தேங்காய் ஒன்றின் கனம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புட்டியில். லேசாகச் சாய்த்தால் உள்ளே இருப்பது தண்ணீரைப் போல அலையாது, மொத்தமாக ஒரு பக்கம் சரியும், அந்தச் சரிவில் புட்டியே கையைத் தள்ளும். சரிபார்ப்புக்கு வந்தவர்கள் புட்டியின் மேல் இருந்த எழுத்தைப் படித்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர் தூக்கிப் பார்த்திருந்தாலும் அந்தத் தாள் அச்சாகியிருக்காது.

காணாமல் போனதாகச் சொன்ன 2.25 லிட்டர் பாதரசத்தின் எடை என்ன? லிட்டருக்கு 13.5 கிலோ வைத்தால் 30 கிலோவுக்கு மேல். சிமென்ட் மூட்டையில் பாதியைவிட அதிகம். சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுபோகிற பொருளா அது? இன்னொன்றும் பாருங்கள். உலகச் சந்தையில் பாதரசம் வழக்கமாக இரும்புக் குடுவையில் கைமாறும். குடுவைக்கு 76 பவுண்டு, அதாவது 34.5 கிலோ. கொள்ளளவில் அது இரண்டரை லிட்டருக்குச் சற்றே மேல். எங்கள் பள்ளியில் இருந்திருக்க வேண்டும் என்று தாள் சொன்ன 2.5 லிட்டர், ஏறக்குறைய ஒரு முழு வணிகக் குடுவை. 1989-லிருந்து மூன்றரைக் கிலோ மட்டும் வாங்கிய பள்ளி!

அடுத்து, கணக்குப் போட்ட கிளார்க்கிடம் போனேன். இளைஞர், மலையாள வழியில் படித்தவர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் கேட்டதும் மேசை டிராயரிலிருந்து கணக்குப் போட்ட துண்டுச் சீட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன். சீட்டு இல்லாவிட்டால் இந்தத் தவறின் வேர் கடைசிவரை தெரிந்திருக்காது.

சீட்டில் இருந்தது நான்கே வரி. முதல் வரி "13.6". இரண்டாவது வரியில் கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்திருக்கிறார், 0.0136. மூன்றாவது வரியில் சென்டிமீட்டரை மீட்டராக்க 100-ஆல் பெருக்கியிருக்கிறார், 1.36. நான்காவது வரியில் 3.4-ஐ 1.36-ஆல் வகுத்து 2.5 என்று எழுதி, பக்கத்தில் "லிட்டர்".

"இந்த 13.6 எங்கிருந்து எடுத்தீங்க?" என்றேன். ஆய்வகச் சுவரில் இருக்கும் அட்டவணையிலிருந்து என்றார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் 1, இரும்பு 7.8, பாதரசம் 13.6, தங்கம் 19.3. தலைப்பு "ஒப்படர்த்தி". ஒப்படர்த்தி என்பது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு என்று சொல்லும் வெறும் விகிதம், அதற்கு அலகே கிடையாது. அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் அலகு இல்லாத ஒரு எண் அங்கிருந்து கிளம்பியது. வழியில் கிளார்க் மனசுக்குள் அதற்கு "ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்" என்று அலகு கொடுத்தார். அதுவும் சரிதான். தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பதால் அந்த ஒரு அலகில் ஒப்படர்த்தியும் அடர்த்தியும் ஒரே எண்ணாக வரும். அதைக் காகிதத்தில் எழுதாமல் மனசிலேயே வைத்துக்கொண்டதுதான் வினையானது.

மூன்றாவது வரிதான் முதல் பிழை. ஒரு மீட்டர் 100 சென்டிமீட்டர், உண்மை. ஆனால் அடர்த்தியில் வருவது மீட்டர் இல்லை, கன மீட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு சரியாக ஒரு கன மீட்டர். அதைச் சதுரப் பெட்டியாகப் பாவித்து, ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டிகளால் நிரப்பினால், ஒரு வரிசைக்கு 100 கட்டி. அப்படி 100 வரிசை சேர்ந்தால் அடித்தளம் மூடும், அதில் 10,000 கட்டி. அந்தத் தளத்தின் மேல் தளமாக 100 தளம் அடுக்கினால்தான் பெட்டி நிறையும், மொத்தம் 10,00,000 கட்டி. கட்டிக்கு 13.6 கிராம் என்றால் தொட்டி முழுக்க 1,36,00,000 கிராம், அதாவது 13,600 கிலோ. ஆகவே கன சென்டிமீட்டருக்கு 13.6 கிராம் என்பதும் கன மீட்டருக்கு 13,600 கிலோ என்பதும் ஒன்று. 100-ஆல் பெருக்கியவர் அந்தப் பெட்டியின் ஒற்றை வரிசையை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டார். 10 லட்சத்தால் பெருக்க வேண்டிய இடம் அது. விடை 10,000 மடங்கு குறைந்துபோனது.

இவ்வளவு பெரிய பிழை ஏன் கண்ணில் படவில்லை? நான்காவது வரி அதை மறைத்துவிட்டது. அவர் வழியிலேயே போனால் 1.36-க்கு அலகு "கன மீட்டருக்குக் கிலோ". 3.4 கிலோவை அதால் வகுத்தால் வருவது 2.5 கன மீட்டர். அதாவது 2500 லிட்டர், மொட்டை மாடித் தொட்டி இரண்டரை. அப்படி ஒரு எண் வந்திருந்தால் அந்த நிமிஷமே அவர் சீட்டைக் கிழித்திருப்பார். ஆனால் அலகு எழுதாததால் எண் அநாதையாக நின்றது. படிவம் லிட்டர் கேட்டது, இவர் லிட்டர் என்று எழுதிவிட்டார். கன மீட்டர் லிட்டராக மாறியதில் 1000 மடங்கு சரிவு. முதல் பிழை 10,000 மடங்கு ஒரு பக்கம் இழுத்தது, இரண்டாவது 1000 மடங்கு எதிர்ப்பக்கம் இழுத்தது. மிச்சம் நின்றது பத்து மடங்கு. பத்து மடங்குப் பிழைதான் ஆபத்தானது. அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது, திருட்டு போலத் தெரியும்.

1.36 என்ற எண்ணும் நம்பும்படியாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு 1, பாலுக்கு 1.03, பாதரசம் கனமான திரவம், அதனால் 1.36 என்றால் யாருக்கும் உறுத்தாது. தேனுக்கே 1.4 பக்கம் வரும். பாதரசத்தைத் தேனைவிட லேசாக்கிய கணக்கு அது என்று கிளார்க்கிடம் சொன்னபோதுதான் அவர் சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

ஆய்வகத்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருந்தது. சுவரில் தொங்கும் பாரமானி. 1643-ல் டாரிசெல்லி சொன்ன அதே தத்துவம், காற்றின் எடையைப் பாதரசத் தூண் ஒன்று தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்தில் 76 சென்டிமீட்டர், எங்கள் ஊர் கொஞ்சம் மேடு என்பதால் 74 சொச்சத்தில் நிற்கும். அதே காற்றைத் தண்ணீரால் தாங்கினால் பத்து மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். பாதரசத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.36 மடங்குதான் என்றால், அந்தத் தூண் ஏழரை மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிருக்கும். வருஷக்கணக்காக அந்தச் சுவரில் ஒரு மீட்டர்கூட இல்லாத கருவி சரியான அடர்த்தியைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

அட்டெண்டருக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே வழி காட்டினார். வீட்டில் இரண்டு கறவை மாடு, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். தாளில் 1.36 என்பதைப் பார்த்ததும், "இது பால்மானி மாதிரிங்களா சார்?" என்றார்.

"அதே மாதிரிதான் அண்ணா. சொசைட்டியில 28 காட்டினா என்ன அர்த்தம்?"

"1.028-ங்க. லிட்டர் தண்ணியைவிட 28 கிராம் ஜாஸ்தி."

"அப்ப ரசத்துக்கு?"

கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "13.6-ன்னா... லிட்டருக்கு 12 கிலோ 600 கிராம் ஜாஸ்திங்க. அந்தத் தாளுல வெறும் 360 கிராம்தான் ஜாஸ்தின்னு போட்டிருக்காங்க." அப்புறம் தாளை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லும் விளக்கத்தைவிட அது தெளிவு. இப்போது பிள்ளைகளுக்கும் நான் பால்மானியில் இருந்துதான் தொடங்குகிறேன்.

பால்காரர்களுக்கு இது சுலபமாக வருவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கிலோவையும் லிட்டரையும் ஜோடியாகப் பிடிக்கிறார்கள். கிராமும் மில்லிலிட்டரும் ஒரு ஜோடி. இரண்டையும் ஆயிரம் மடங்கு ஏற்றினால் கிலோவும் லிட்டரும். இன்னும் ஆயிரம் மடங்கு ஏற்றினால் டன்னும் கன மீட்டரும். கீழே இறங்கினால் மில்லிகிராமும் கன மில்லிமீட்டரும். ஜோடி மாறாத வரை பாதரசம் எல்லாவற்றிலும் 13.6 தான். ஜோடியைக் கலைத்தால்தான் எண் நகரும். கிலோவைக் கன மீட்டரோடு சேர்த்தால் 13,600, கிராமை லிட்டரோடு சேர்த்தாலும் 13,600. கிலோவைக் கன சென்டிமீட்டரோடு சேர்த்தால் 0.0136. எங்கள் படிவத்துக்கு வேண்டியது கிலோவும் லிட்டரும். கிளார்க் எதையும் மாற்றியிருக்கவே வேண்டாம். 3.4-ஐ 13.6-ஆல் வகுத்தால் 0.25 லிட்டர், அலமாரியில் இருக்கும் 250 மில்லிலிட்டர். ஒரே வரி.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவர் பெயர் மேல் விழுந்த கறையை லேபிளில் இருக்கும் எண்ணை நம்பித் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. 125 என்பது புட்டிக்காரன் அச்சடித்தது, உள்ளே இருப்பதை யாரும் அளக்கவில்லை. எடை போட முடிவு செய்தேன். சமையலறைத் தராசைத் தொடக் கூடாது. ஆய்வகத்தில் இருக்கும் பௌதிகத் தராசு 250 கிராமுக்கு மேல் தாங்காது. பொள்ளாச்சிக்குப் போய் 10 கிலோ தாங்கும் மின்னணுத் தராசு ஒன்று வாங்கி வந்தேன். புட்டியைத் திறக்கவும் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், பத்து டிகிரி ஏறினால் அந்த ஆவி இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், அதற்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. பாலக்காட்டு மார்ச் மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழ், அதைத் திறந்து வைத்து அளப்பது யாருக்கும் நல்லதல்ல.

பிரின்சிபல் டீச்சர், கிளார்க், அட்டெண்டர், நான். நான்கு பேர் முன்னிலையில் எடை. ஒரு பெரிய எவர்சில்வர் தட்டுக்குள் தராசு, அதன் மேல் புட்டி. முதல் புட்டி 1,706 கிராம். இரண்டாவது 1,698. காலிப் புட்டி 26. கழித்தால் 1,680-ம் 1,672-ம். மொத்தம் 3,352 கிராம். பதிவேட்டில் 3,400. குறைவு 48 கிராம்.

சுவரில் இருந்த சாராய வெப்பமானி 36 டிகிரி காட்டியது. அதையும் குறித்துக்கொண்டேன். 13.6 என்பது வாயில் சொல்ல வசதியான எண். துல்லியமாகச் சொன்னால் பாதரசத்தின் அடர்த்தி 0 டிகிரியில் 13.595, 20 டிகிரியில் 13.546, 25-ல் 13.534, கன சென்டிமீட்டருக்குக் கிராமில். சூடேறினால் விரியும், டிகிரிக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் 1.8 பங்கு. இந்த விரிவைத்தான் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் காட்டியது. 36 டிகிரிக்குக் கணக்கிட்டால் 13.51 வருகிறது. 3,352-ஐ அதால் வகுத்தால் 248 மில்லிலிட்டர். 13.6-ஐ வைத்து வகுத்திருந்தால் 246.5. வித்தியாசம் ஒன்றரை மில்லிலிட்டர்தான், படிவம் அதைக் கேட்கவும் இல்லை. ஆனாலும் எந்த வெப்பத்தில் அளந்தோம் என்று எழுதாத கொள்ளளவு பாதிக் கணக்குதான் என்பது என் எண்ணம். எடை மார்கழியிலும் சித்திரையிலும் ஒன்று, கொள்ளளவு அப்படி இல்லை. படிவத்தில் எடையை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று அனுப்புதல் கடிதத்தில் ஒரு வரியும் சேர்த்தேன்.

டாக்டர் சொல்லும் "120" என்ற இரத்த அழுத்தமும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு என்பதால், அங்கே எந்த வெப்பத்துப் பாதரசம் என்று ஒரு மாணவி அடுத்த வாரம் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு 0 டிகிரியின் 13,595.1 கிலோ என்று கன மீட்டர் கணக்கில் ஒரு எண்ணை நிலையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதோடு 0.76 மீட்டரையும் ஈர்ப்பு முடுக்கம் 9.80665-ஐயும் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 1,01,325 பாஸ்கல், பாடப்புத்தகத்தில் இருக்கும் வளிமண்டல அழுத்தம், அப்படியே வந்தது. கன மீட்டர் மாற்றத்தில் ஒரு சுழி தவறியிருந்தால் இது வந்திருக்காது.

இனி அந்த 48 கிராம். கொள்ளளவில் அது மூன்றரை மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. பதிவேட்டை மறுபடி பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சரக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. உடைந்த சாமான் எழுதும் கடைசிப் பக்கங்களில் 2011-ல் ஒரு வரி, அட்டெண்டரின் கையெழுத்தில்: "குவில் குழாய் 1 உடைந்தது. ரசம் சிந்தியது. கிடைத்ததை எடுத்துப் புட்டியில் சேர்த்தாச்சு." அழுத்தம் கூடினால் காற்றின் கொள்ளளவு குறையும் என்ற பாயில் (Boyle) விதிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் மெல்லிய குழாய் அது, உள்ளே ஒரு பாதரசத் துண்டு இருக்கும். கிடைத்ததை எடுத்தது எழுதியிருக்கிறது, கிடைக்காதது எவ்வளவு என்று எழுதவில்லை. அன்றைக்கு எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். தபால் அட்டையால் மணிகளை ஒன்று சேர்த்து, சிமென்ட் தரையின் வெடிப்பில் இறங்கியதைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சியதாகச் சொன்னார். துடைப்பம் போடக் கூடாது, போட்டால் மணி சின்னச் சின்னதாகச் சிதறிவிடும் என்று அப்போதிருந்த டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெடிப்புக்குள் போனது போனதுதான். அதோடு, ஐந்தாறு புட்டியிலிருந்து இரண்டுக்கு மாற்றியபோது பழைய புட்டிகளின் சுவரில் ஒட்டிய துளிகளும் உண்டு. 1989-லிருந்து இத்தனை கைகள் புழங்கி, 3,400-ல் 48 கிராம் குறைவு. நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே. இதைவிட ஒழுங்காக ஒரு ஆய்வகத்தில் பாதரசம் காப்பாற்றப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வெடிப்பு விஷயத்தை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினேன். மூலையில் தரை இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சீல் வைத்துப் பூச வேண்டும், அதுவரை அந்த மூலையில் பெஞ்சு போடக் கூடாது. திருட்டுப் பேச்சில் இரண்டு வாரம் போன பள்ளியில் நிஜமாகவே கவலைப்பட வேண்டியிருந்தது அந்த ஒரு சாண் வெடிப்புதான்.

அறிக்கை இரண்டு பக்கம். கிளார்க்கின் சீட்டை நகலெடுத்து இணைத்தேன், அவர் சம்மதத்தோடு. பிழை எங்கே, ஏன் தெரியவில்லை, சரியான கணக்கு என்ன, எடை போட்டவர்கள் யார். பழைய தாளை ரத்து செய்து பிரின்சிபல் டீச்சர் கையெழுத்திட்டார். ஸ்டாப் மீட்டிங்கில் அந்த இரண்டு பக்கத்தையும் அவரே வாசித்தார். அட்டெண்டரை நிற்க வைக்காமல், எங்கள் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து வாசித்தார். கிளார்க் எழுந்து, "சேட்டா, க்ஷமிக்கணும்" என்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, "பரவால்ல தம்பி, உக்காருங்க" என்று தமிழில் சொன்னார்.

சுவர் அட்டவணையில் "ஒப்படர்த்தி" என்ற தலைப்புக்குக் கீழ், அலகு இல்லை என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் புதிதாக ஒரு நெடுக்கு வரிசையும் வரைந்திருக்கிறோம். அதில் அடர்த்தி கிலோவும் லிட்டரும் சேர்ந்த கணக்கில். பிளஸ் ஒன் பிள்ளைகள் வரைந்தது.

மே மாதம் இரண்டாவது வாரம் வண்டி வந்தது. புட்டிகளைத் தனித்தனிக் கவரில் கட்டி, மரத்தூள் போட்ட பெட்டிக்குள் வைத்து, மேலே சீட்டு ஒட்டினார் அட்டெண்டர். தன் கையாலேயே எழுதினார்: "பாதரசம். 3.352 கிலோகிராம். 248 மில்லிலிட்டர், 36 டிகிரி வெப்பத்தில்." கிலோகிராமை முழுசாக, எழுத்து எழுத்தாக. டிரைவர் பையன் பெட்டியின் அளவைப் பார்த்துவிட்டு ஒரு கையை நீட்டினான்.

"ரெண்டு கையும் குடு தம்பி," என்றார் இவர். "பார்த்தா தெரியாது."